பதினான்காம் எண்ணின் இடது கை

விதிகள் மொத்தம் இருபத்துமூன்று. மாட்டுங்காவில் இருக்கும் தமிழ் மாணவர் நலச் சங்கத்தின் கூடத்துக் கதவில் மூன்று தாள்களாக ஒட்டியிருந்தார்கள். நசீர் அவற்றைப் படித்து முடிப்பதற்குள் அவன் ரெயின்கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் குளம் கட்டிவிட்டது.

தலைப்பில் ‘மாணவர் சொற்செயலித் திறன் போட்டி’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஒருவருக்கும் புரியவில்லை போலிருக்கிறது. அடியில் பால்பாயிண்ட் பேனாவால் ‘அதாவது வேர்டு’ என்று எழுதி யாரோ புண்ணியம் கட்டிக்கொண்டிருந்தார்.

“மாமி, கடைசி ரூலப் பாத்தீகளா? ‘மேற்கண்டவற்றில் ஏதேனும் விதி விடுபட்டிருந்தால் அதுவும் விதியே.’ இத எழுதுன ஆளு வீட்டுல தோசைக்கும் ரூல் இருக்கும்.”

துப்பறியும் நாகலக்ஷ்மி சிரிக்கவில்லை. ரயில்வேயில் தவறிய பொருட்கள் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரு குடையைக் கையில் கொடுத்தால் போதும், அதைத் தொலைத்தவருக்கு வழுக்கையா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின் அந்த வித்தையை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று துப்பறிய வந்துவிட்டார். அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டுவது நசீரின் வேலை. நாற்பத்தொரு வயது ஆகியும் வாயை மூடத் தெரியாதது அவனுடைய குணம்.

மாமியின் கண் அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த தைலக் குப்பியில் இருந்தது. யாருக்கு என்று கேட்டார். தன் மனைவி ஹாஃபிஸாவுக்கு என்றான். மூன்று மாதமாக அவளுக்குக் கைநடுக்கம். அரிசி களையும்போது, உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போது, எதிரே எது கிடைக்கிறதோ அதன்மேல் விரல்கள் தட்டிக்கொண்டே இருக்கின்றன. தூக்கத்தில் ஒருநாள் அவன் முதுகிலேயே தட்டியிருக்கிறாள். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. ஒன்றும் இல்லை என்று அவர் அனுப்பிவிட்டார்.

“பத்து விரலும் தட்டறதா?” என்று கேட்டார் மாமி.

“எட்டு வெரலு நல்லா ஆடுது மாமி. கட்டவெரலு மட்டும் அப்பப்ப.”

மாமி ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மாமிக்கு வைத்தியமும் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நசீர் பின்னால் நடந்தான்.

சங்கத் தலைவர் பத்ரிநாராயணன் தவித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது, இஸ்திரி கலையாத வேட்டி. இருபத்துமூன்று விதிகளையும் பெற்றெடுத்தவர் அவர்தான். விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நேற்று போட்டி நடந்தது. பதினான்கு பேர் எழுதினார்கள். முதலில் வந்தது பதினான்காம் எண். ஒரு பிழைகூட இல்லாத மூன்று தாள்கள். ஆனால் அந்தப் பதினான்காம் எண் யார் என்று தெரியவில்லை. விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி நான்கு. பெயர் இருப்பது பதிவேட்டில் மட்டும்தான். அந்தப் பதிவேட்டில் சரியாகக் கடைசி வரி அழிந்துபோயிருக்கிறது. முடிவை நேற்று மாலையே பலகையில் ஒட்டியும் இன்னும் யாரும் வரவில்லை.

இன்று ஐந்து மணிக்குப் பரிசளிப்பு. முதல் பரிசு ஒரு லேப்டாப். கூடவே சங்கத்து நூலகத்தில் ஓராண்டு வேலை, சம்பளத்தோடு. ஜன்னலோரம் மேஜை, நாற்காலி. ஐந்துக்குள் வெற்றியாளர் நேரில் வராவிட்டால் பரிசு இரண்டாவதாக வந்தவருக்குப் போகும் என்பது விதி பதினெட்டு. இரண்டாவதாக வந்தவன் ஹரிகிருஷ்ணன், செம்பூரிலிருந்து வந்த கல்லூரிப் பையன். அவன் அம்மா ஸ்ரீதேவி, ‘முதல் பரிசு பெற்ற எங்கள் ஹரி’ என்று ஃபிளெக்ஸ் பேனரே அடித்துக்கொண்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

“ஜெயிச்சதுக்குப் பயந்து ஓடுன மொத ஆளு இவருதான்” என்றான் நசீர். இது புது ஜோக் இல்லை. மத்தியானம் மாமியின் போன் வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே வீட்டிலும் இதைத்தான் சொன்னான். வழக்கமாகச் சிரிக்கிற ஹாஃபிஸா இன்று ரசத்தை ஊற்றிவிட்டுப் பேசாமல் போய்விட்டாள்.

மாமி பதிவேட்டை வாங்கினார். அழிந்த இடம் பழுப்பாக ஊறிப்போயிருந்தது. மழையில் கூரை ஒழுகிவிட்டது என்றார் பத்ரிநாராயணன். மாமி பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

“மாட்டுங்கா மழையிலே சிக்கரி வாசனை வருமோ?”

பத்ரிநாராயணன் கூரையை அண்ணாந்து பார்த்தார். கீழே கடையிலிருந்து கூடத்துக்கு வருவது டீ மட்டும்தான். காபி குடிக்கிறவர் ஒருவர்தான் அங்கே, ஃபிளாஸ்க் அவர் நாற்காலிக்கடியிலேயே நின்றது. மேஜைமேல் எந்தப் பானமும் வைக்கக் கூடாது என்பது விதி பன்னிரண்டு. பதிவேட்டை மைப்பேனாவால்தான் நிரப்ப வேண்டும் என்பதும் அவர் போட்ட விதிதான். பால்பாயிண்டாக இருந்தால் காபியில் குளித்தும் பெயர் பிழைத்திருக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை.

“மினிட்ஸ் புக்லே இதை ஏத்தணுமா?” என்று பெரியவர் தாழ்ந்த குரலில் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தூக்கம் போயிருந்தது. தன்னால் யாரோ ஒருவர் வாழ்க்கை கெடுகிறதே என்று நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். நசீருக்குக்கூடப் பாவமாக இருந்தது.

அடுத்து மேற்பார்வையாளர் அனந்தகிருஷ்ணனைக் கூப்பிட்டார்கள். கடைசி நிமிஷத்தில் வந்து சேர்ந்த பதினான்காம் எண்ணின் அடையாள அட்டையை வாசலில் சோதித்தவர் அவர்தான். முகத்தைப் பார்த்தீர்களா என்றால், பார்க்கவில்லை என்றார். கல்வி நிலையத்தின் முத்திரை சரியாக இருக்கிறதா என்றுதான் விதி இரண்டு பார்க்கச் சொல்கிறது. முத்திரையைப் பார்த்தார், நன்றாக இருந்தது. உள்ளே போனபின்? பாரபட்சம் வராமலிருக்க மேற்பார்வையாளர் பின்வரிசையில்தான் உட்கார வேண்டும் என்பது விதி ஆறு. ஆகவே இரண்டு மணி நேரம் அவர் பார்த்ததெல்லாம் பதினான்கு முதுகுகள்.

“முதுகுகளை வரிசையில நிக்க வெச்சா அடையாளம் சொல்லுவீகளா அங்கிள்?” என்று நசீர் கேட்டான்.

கேலி என்று தெரியாமல் அவர் யோசித்துப் பதில் சொன்னார். பதினான்காம் எண்ணின் முதுகு மறக்க முடியாத முதுகு. மற்ற பிள்ளைகள் கூனிக் குறுகிக் கிடக்க, அது ஒன்று மட்டும் சுவர் மாதிரி நேராக நின்றது. மேலே கறுப்பாக ரெயின்கோட்டோ என்னவோ. பாவம், அந்த மூலையில் கொசுத் தொல்லை வேறு.

“கொசுவா?” என்றார் மாமி.

ஆமாம் என்று அவர் நடித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் தட்டுவது, உடனே இடது கையைத் தூக்கிக் காற்றில் வலப்பக்கமாக ஒரு தள்ளு. மறுபடி தட்டுவது, மறுபடி ஒரு தள்ளு. இரண்டு மணி நேரமும் இதே கதைதான்.

மாமியின் முகத்தில் குடைக்குச் சொந்தக்காரர் கிடைத்த களை வந்தது. அந்த எண் அடித்திருந்த கடிதத்தின் ஃபைலை நசீரின் போனுக்கு அனுப்பச் சொன்னார். அச்சில் அத்தனை லட்சணமாக இருந்த கடிதம், போனின் குறுகலான திரையில் படிக்கட்டாக வந்து நின்றது. ஒரு முழு வரி, அடுத்து அரை வரி, மறுபடி முழு வரி, மறுபடி அரை வரி. நடுவில் இருக்க வேண்டிய தலைப்பு வலது ஓரத்துக்கு ஓடிப்போயிருந்தது.

மாமி விளக்கினார். வேர்டில் வரி தானாகத் திரும்பிக்கொள்ளும். பிள்ளைகள் பத்தி முடிந்தால்தான் என்டர் தட்டுவார்கள். இந்த ஆள் ஒவ்வொரு வரிக்கும் தட்டியிருக்கிறார். தலைப்பை நடுவில் நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. இந்த ஆள் எழுத்துகளை எண்ணி, பாதியாக்கி, அத்தனை இடைவெளி தட்டித் தட்டி நகர்த்தியிருக்கிறார். அப்புறம் அந்த இடது கை. அது கொசுவை ஓட்டவில்லை. வரி முடிந்ததும், அடுத்த வரிக்குப் போகத் தட்டச்சுப் பொறியின் தாள் வண்டியைத் தள்ளுகிறது. எதிரில் பொறி இல்லை என்று கைக்குத் தெரியவில்லை.

“அப்ப நம்ம மாணவருக்கு மீசை நரைச்சிருக்கும்” என்றான் நசீர். “பென்ஷன் வாங்குத ஸ்டூடன்ட்.”

“வயசைப் பத்தி விதியிலே ஒண்ணுமே இல்லே” என்று பத்ரிநாராயணன் அதிர்ந்துபோய்ச் சொன்னார். இருபத்துமூன்றில் அது ஒன்று விட்டுப்போனது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

பதினான்காம் மேஜைக்கடியில் குனிந்த மாமி, ஒரு மெரூன் நிற ரெக்சின் உறையோடு நிமிர்ந்தார். கீபோர்டை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று விதி எட்டு சொல்லியிருந்தது. இந்த ஆள் கீபோர்டை எடுத்துக்கொண்டு உறையை மறந்துவிட்டார். மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நசீரிடம் நீட்டினார். அவனுக்கு உடனே பிடிபட்டது. ஜிப்பின் இரு முனையிலும் பிரியாமலிருக்கக் குறுக்குத் தையல். தாராவியில் இத்தனை பை தைக்கிறவர்கள் இருந்தும், இந்தத் தையலைப் போடுகிறவர் தொண்ணூறடி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அபுதாஹிர் ஒருவர்தான்.

“இந்தக் கேஸு என்னோடது மாமி. நீங்க பின்னாடி ஒக்காந்து வந்தாப் போதும்.”

“உன்னோடதுதான்” என்றார் மாமி. அதை அவர் சொன்ன விதம் நசீருக்குக் கொஞ்சம் வித்தியாசமாகப் பட்டது. ஆனால் மணி மூன்றரை ஆகிவிட்டதால் யோசிக்க நேரமில்லை.

மழையில் மாமி பின்சீட்டில் குடையை விரித்துக்கொண்டார். அது காற்றைப் பிடித்து ஸ்கூட்டரைப் பின்னுக்கு இழுத்தது. வழிநெடுக நசீர் பேசிக்கொண்டே வந்தான். ஆள் ஒரு ரிட்டயர்டு குமாஸ்தாவாகத்தான் இருக்க வேண்டும், பேரன் பள்ளிக்கூட அட்டையைத் திருடி வந்திருப்பார், பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு டைப் அடித்திருப்பார்.

பட்டறையில் நான்கு தையல் இயந்திரங்கள் ஓடின. அபுதாஹிர் பசை டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். தாடியெல்லாம் நரைத்த, சிரித்த முகக்காரர். நசீர் விறைப்பாக நின்று, உறையை மேஜைமேல் வைத்து, போலீஸ் தோரணையில் இது யாருக்குத் தைத்தது என்று கேட்டான்.

அபுதாஹிர் உறையைப் பார்த்தார். நசீரைப் பார்த்தார்.

“என்னலே கேக்கே? ஒனக்குத்தான் தச்சேன்.”

“எனக்கா?”

“ஒங்க வீட்டம்மாதான வந்து வாங்கிட்டுப் போச்சு. நீ கம்ப்யூட்டர் படிக்கே, ஒனக்கு வெக்கமா இருக்கு, வெளிய சொல்ல வேண்டாம்னுல்லா சொல்லிச்சு. நானும் இந்த நாலு மாசமா ஒங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

நசீரின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. நாகலக்ஷ்மியிடம் வேலைக்குச் சேர்ந்த இந்த மூன்று வருஷத்தில் இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை.

எட்டு விரல் தட்டும். கட்டைவிரல் இடைவெளிக்கு மட்டும். கைக்கு நோய் இல்லை, பயிற்சி. சாயங்காலமானால் சுனாபட்டியில் சாச்சிக்கு, அதாவது அவள் சித்திக்கு, உடம்பு சரியில்லை என்று ஹாஃபிஸா கிளம்பிவிடுவாள். நாலு மாசமாகச் சாச்சிக்கு அப்படி என்ன உடம்புக்கு என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறான், அதுவும் தைலக் குப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.

“மாமி, ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“கட்டைவிரல்னு சொன்னியே, அப்போ சந்தேகம். கொசு வந்ததும் நிச்சயம். நீயே கண்டுபிடிக்கணும்னுதான் சொல்லலே. மணி நாலாகப் போறது, வண்டியை எடு.”

ஆண்டாப் ஹில்லில் அவர்கள் வீடு மாடிப்படிக்கு அடுத்த ஒற்றை அறை. ஹாஃபிஸா கதவைத் திறந்தாள். அவன் கையில் உறையைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நகர்ந்தாள். மாமிக்கு நாற்காலி போட்டாள். பிறகுதான் சொல்ல ஆரம்பித்தாள்.

மேலப்பாளையத்தில் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் டைப்ரைட்டிங் படித்தவள். பத்தாவது முடிக்காததால் பரீட்சை எழுத விடவில்லை. அதற்குள் கல்யாணம், பம்பாய். இங்கே மாலைப் பள்ளியில் பத்தாவது எழுதலாம் என்று தெரிந்ததும் சேர்ந்துவிட்டாள். அங்கே கம்ப்யூட்டரும் இருந்தது. டீச்சர்தான் பழக ஒரு பழைய கீபோர்டைக் கொடுத்து, இந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கச் சொன்னார். ஜெயித்தது அவளுக்குத் தெரியும். காலையில் மீன் வாங்கப் போகிற சாக்கில் மாட்டுங்கா வரை போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் விதி பதினேழு, பரிசு வாங்கப் பெற்றோர் அல்லது பாதுகாவலரோடு வரச் சொல்கிறது. மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்தாள்.

“எங்கிட்ட ஏன் முதல்லயே சொல்லல?” என்று கேட்டான் நசீர்.

“சொன்னா சிரிப்பீக. ஒங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு இருக்கு. நான் ரசம் ஊத்தும்போதே சிரிச்சீகளே.”

அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுக்காகத் தைலம் வாங்கிய தன்னை நல்ல கணவன் என்று இதுவரை நம்பியிருந்தான். அவள் விரல்கள் என்ன எழுதுகின்றன என்று கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை. சொல்ல ஆயிரம் ஜோக் இருந்தும் ஒன்றையும் சொல்லாமல், “கெளம்பு” என்றான். கொஞ்சம் நிறுத்தி, “கெளம்புதியா?” என்று மாற்றிக் கேட்டான்.

அவள் கறுப்பு புர்காவை எடுத்தாள். ஸ்கூட்டரில் மூன்று பேருக்கு இடமில்லாததால் மாமியையும் அவளையும் டாக்சியில் ஏற்றிவிட்டு நசீர் முன்னால் பறந்தான்.

கூடத்தில் மணி நாலு ஐம்பத்தாறு. மேடையில் பேனர் ஏறிவிட்டிருந்தது. ஹாஃபிஸா நுழைந்ததும் எல்லோரும் யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்று வழிவிட்டார்கள். இவர்தான் பதினான்காம் எண் என்று மாமி அறிவித்ததும் கூடம் சலசலத்தது. பத்ரிநாராயணன் சாட்சி கேட்டார். அனந்தகிருஷ்ணன் எழுந்து வந்து அவள் முகத்தைச் சட்டையே செய்யாமல், கொஞ்சம் திரும்பி நிற்கும்படி கேட்டுக்கொண்டார். அவள் திரும்பி நின்றாள்.

“இதே முதுகுதான்” என்றார் அவர்.

அடையாள அட்டையையும் பார்த்தார்கள். முத்திரை நன்றாக இருந்தது. ஆனால் ஸ்ரீதேவி விடுவதாக இல்லை. நல்ல பெண்மணிதான், பேனர் அடித்துவிட்டதுதான் பிரச்சினை. விதி பதினேழின்படி மாணவருக்குப் பாதுகாவலர் வேண்டும், இந்த அம்மாவே நாலு பேருக்குப் பாதுகாவலர் மாதிரி இருக்கிறாரே என்றார். தவிர, வயது வரம்பு விடுபட்டுப்போன விதி, விடுபட்டதும் விதியே என்று விதி இருபத்துமூன்று சொல்கிறதே. பத்ரிநாராயணன் தன் வலையில் தானே விழுந்து விழித்தார். கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

மாமி அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“எல்லா விதியையும் பேசிடலாமே. பன்னிரண்டிலேருந்து ஆரம்பிக்கலாமா?”

பெரியவரின் கண் ஃபிளாஸ்க்குக்குப் போய்த் திரும்பியது. தலைவரின் தீர்ப்பே இறுதியானது என்ற விதி இருபத்திரண்டு அவருக்குச் சமயத்தில் ஞாபகம் வந்தது. வயது ஒரு தடையல்ல, பாதுகாவலர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தீர்ப்பளித்தார். ஹரிகிருஷ்ணன் தானாகவே எழுந்து கைதட்டினான். வரிக்கு ஒரு என்டரா, ஆன்ட்டி செம என்று அவன் சொன்னதில் அவன் அம்மாவுக்கே பாதிக் கோபம் இறங்கிவிட்டது. பேனரில் ‘முதல்’ இருந்த இடத்தில் யாரோ ஒரு துண்டைத் தொங்கவிட்டார்கள்.

பதிவேடு வந்தது. மைப்பேனாவும் வந்தது. அழிந்த கடைசி வரிக்கு அடியில் ஹாஃபிஸா தன் பெயரை நிறுத்தி எழுதினாள். அடுத்த கட்டம் பாதுகாவலருடையது. நசீர் கையெழுத்திட்டான். அதற்கடுத்த கட்டத்தில் ‘மாணவருடன் உறவு’ என்று இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு அவன் வெகுநேரம் நின்றான். கூடமே காத்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நசீர் ஒரு பதிலை யோசித்துச் சொல்லப் போகிறான் என்று மாமிக்கு மட்டும் தெரிந்தது.

‘கணவன். இவள் கெட்டிக்காரி என்று கடைசியாகத் தெரிந்துகொண்டவன்’ என்று எழுதினான்.

ஹாஃபிஸா குனிந்து படித்தாள். எழுத்தில் பிழை இருக்கிறதா என்று இரண்டாம் தடவையும் படித்தாள். இல்லை. அவளுடைய இடது கை தானாக உயர்ந்து, அவன் தோளைப் பிடித்து வலப்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளியது, அடுத்த வரிக்கு.